35 அங்குல ரயர் போட்டாச்சு. கியரை மாற்றுவதா, விடுவதா?

என் அக்காவின் மகன் போன வருடம் ஒரு பழைய ஜீப் வாங்கினான். 2013ஆம் ஆண்டு ராங்லர், நாலு கதவு, ஒட்டோமற்றிக். முதல் வைத்திருந்தவர் வண்டியை உயர்த்தி, 35 அங்குல ரயர் போட்டு விட்டிருந்தார். பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்தியபோது பக்கத்து வீட்டுச் சின்னப் பெடியன் ஓடி வந்து ரயரோடு சாய்ந்து நின்று தன் உயரத்தை அளந்து பார்த்தான்.

ஒக்ரோபர் நீண்ட வார இறுதியில் எங்கட சனத்தில் பாதி, இலை நிறம் மாறுவதைப் பார்க்க அல்கொன்குயின் பூங்காவுக்குப் போகும்தானே. இவனும் மனைவியும் நாலு வயது மகளுமாகப் போனார்கள். ஹன்ட்ஸ்வில் தாண்டி 60ஆம் நெடுஞ்சாலையில் ஒரு ஏற்றம். முன்னால் ஒரு பெரிய வீட்டு வண்டி ஊர்ந்துகொண்டிருக்கிறது. முந்துவதற்கான மேலதிகப் பாதை வந்ததும் இவன் வெளியே எடுத்து மிதித்திருக்கிறான். எஞ்சின் கத்தியது, வண்டி எழும்பவில்லை. கியர் ஒருதரம் இறங்கி, பிறகு ஏறி, திரும்ப இறங்கி யோசித்துக்கொண்டிருக்க, மேலதிகப் பாதை முடிந்துவிட்டது. வீட்டு வண்டிக்காரர் பிறேக் பிடித்து இடம் விட்டபடியால் உள்ளே புகுந்தான். எதிரே வந்த பிக்கப் ஹோர்னை அமத்திப் பிடித்தபடி கடந்து போனதாம். மருமகள் அந்த இரண்டு நாளும் அவனோடு கதைக்கவில்லை.

திரும்பி வந்தவன் என்னிடம் கேட்டான்: "மாமா, கியர் மாத்த வேணும் எண்டு எல்லாரும் சொல்லுறாங்கள். முன்னும் பின்னும் சேர்த்து நாலாயிரம் டொலர் கேக்கினம். மாத்திறதோ, விடுறதோ?"

நான் பதில் சொல்ல முதலே அக்கா குசினிக்குள் இருந்து சொன்னா: "நாலாயிரம் டொலருக்கு ஊரில ஒரு வீட்டுக்குக் கூரை போடலாம். அந்தச் சனியனை வித்துப்போட்டு ஒரு கொரொல்லா வாங்கு."

அவனுடைய சிநேகிதப் பெடியள் சொன்னது வேறு. "4.88 போடு மச்சான், அதுக்குக் குறைச்சலாப் போட்டால் பிறகு கவலைப்படுவாய்."

இரண்டு பக்கமும் கணக்குப் பார்க்காமல் சொன்ன பதில்கள். நான் பதினெட்டு வருடம் பாரவண்டி ஓடினவன். சமதரையில் ஓடுகிறவன் ஒரு அக்சில் விகிதத்தையும், மலைக்குப் பாரம் இழுக்கிறவன் இன்னொரு விகிதத்தையும் கேட்டு வாங்குவதைப் பார்த்து வந்தவன். ஆகவே இதில் எனக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. இப்படி உயர்த்திய ஜீப்பும் பிக்கப்பும் இப்போது எங்கட வீட்டு வாசல்களில் கொஞ்சமல்ல என்பதால் அதை எழுதியே விடலாம் என்று நினைத்தேன்.

முதலில் இந்த எண் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாகனத்துக்குக் கீழே எஞ்சின் பக்கத்தில் இருந்து ஒரு நீளத் தண்டு சுழன்றுகொண்டு பின் அக்சிலுக்கு வருகிறது. அந்தத் தண்டின் நுனியில் பினியன் என்ற சின்னப் பல்லுச்சக்கரம். அது கிறவுன் வீல் என்ற பெரிய பல்லுச்சக்கரத்தைச் சுற்றுகிறது. 3.21 என்றால் தண்டு 3.21 தரம் சுற்ற, சில்லு ஒரு தரம் சுற்றும். 4.56 என்றால் தண்டு நாலரைத் தரத்துக்கு மேல் சுற்ற வேண்டும். எண் கூடக் கூட இழுவை கூடும், ஓட்டம் குறையும். ஊரில் சைக்கிள் ஓடினவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பின்சில்லில் பெரிய பல்லு போட்டால் மிதிக்க லேசு, ஆனால் கால் வேகமாகச் சுற்ற வேண்டும். விறகுக் கட்டு ஏற்றிக்கொண்டு எதிர்க்காற்றில் நாவற்குழிப் பாலம் கடந்தவனுக்கு அது காலுக்கே தெரியும்.

இப்ப ரயருக்கு வருவோம். அவனுடைய வண்டி தொழிற்சாலையில் இருந்து வரும்போது 225/75 ஆர்16 ரயரோடு வந்தது. அதன் உயரம் ஏறக்குறைய 29.3 அங்குலம். இப்போது நிற்பது 315/70 ஆர்17. கடையில் இதை "35" என்று விற்பார்கள். கணக்குப் பார்த்தால் 34.4 அங்குலம்தான். பழைய உயரத்தைப் புதிய உயரத்தால் பிரித்து, கியர் எண்ணால் பெருக்குங்கள். 29.3ஐ 34.4ஆல் பிரித்து 3.21ஆல் பெருக்கினால் 2.73 வரும். அதாவது அக்சிலுக்குள் ஒரு பல்லையும் தொடாமலே, அவனுடைய 3.21 வண்டி 2.73 வண்டியாக மாறிவிட்டது. 3.21 என்பதே அந்த மொடலில் இருந்த ஆகக் குறைந்த எண்; பெற்றோல் மிச்சம் பிடிப்பதற்காகப் போட்டது. அதே வண்டியை அன்று கொஞ்சம் கூடக் காசு கொடுத்து 3.73இல் வாங்கியிருக்கலாம். முதல் சொந்தக்காரர் அதில் மிச்சம் பிடித்து, பிறகு ரயருக்குச் செலவழித்திருக்கிறார்.

இதனால்தான் 60ஆம் நெடுஞ்சாலையில் அந்த வண்டி எழும்பவில்லை. 3.6 லீற்றர் பென்ரஸ்ரார் எஞ்சின் கெட்ட எஞ்சின் இல்லை. 285 குதிரைவலு. ஆனால் அது சுற்றினால்தான் வேலை செய்யும். அதன் உச்ச முறுக்குவிசை வருவது நிமிடத்துக்கு 4,800 சுற்றில். இப்போதைய ரயரோடும் கியரோடும் ஐந்தாம் கியரில் 110 கி.மீ. போனால் எஞ்சின் 1,780 சுற்றுத்தான் சுற்றும். அந்தச் சுற்றில் அதனால் இரண்டு தொன் வண்டியையும் காற்றையும் தள்ள முடியாது. எனவே கியர்பொக்ஸ் ஐந்தைக் கைவிட்டு நாலுக்கு வரும், ஏற்றம் என்றால் மூன்றுக்கு வரும், வந்ததும் திரும்பப் போகப் பார்க்கும். இந்த ஏறி இறங்கும் விளையாட்டில் ஒயில் சூடேறும். ஐந்தாம் கியர் இருந்தும் இல்லாத மாதிரித்தான். சுற்றுக் குறைந்தால் பெற்றோல் மிச்சம் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். மிதியைத் தரையோடு அமத்திப் பிடித்துக்கொண்டு ஓடும் வண்டியில் என்ன மிச்சம்?

இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்ல வேண்டும். ரயர் அளவை வண்டியின் கணினிக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால் வேகமானி பொய் சொல்லும். இவனுடைய வண்டியில் அது 100 என்று காட்டும்போது உண்மையில் 117 போய்க்கொண்டிருந்திருக்கிறான். பொலிஸ்காரரிடம் "மீற்றர் பிழை" என்று சொன்னால் அவர் சிரிப்பார், பிறகு தாளை எழுதுவார். ஓடிய தூரமும் அப்படியே குறைத்துத்தான் காட்டும். பெரிய ரயர் போட்ட பழைய வண்டி வாங்குகிறவர்கள், "ஒரு லட்சம்தான் ஓடியிருக்கு" என்ற கதையைக் கேட்கும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

சரி, கியரை மாற்றத்தான் வேண்டுமா?

நான் முதலில் சொன்ன பதில் வேண்டாம் என்பதுதான். கியரை மாற்றாதே, ரயரை மாற்று. அந்த ரயரை றிம்மோடு சேர்த்து வித்துப்போட்டு 255/75 ஆர்17 போடு. அது 32 அங்குலம். அதே ராங்லரின் மற்ற மொடல்களில் தொழிற்சாலையே அந்த உயர ரயரை 3.21 கியரோடு போட்டு விற்றிருக்கிறது. பெரிய இழுவை இராது, ஆனால் ஒருவருக்கும் உயிராபத்தில்லை. ஒவ்வொரு சில்லிலும் பல கிலோ பாரம் குறையும். பிறேக் பிடித்தால் வண்டி நிற்கும். விற்ற காசு புதிய ரயருக்குப் பெரும்பாலும் போதும். அஜக்ஸில் இருந்து ரொறன்ரோவுக்கு 401இல் வேலைக்குப் போய்வருகிற ஒருவனுக்கு இதுதான் சரி. இதை வாசிக்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் என்னுடைய பதில் இதுவேதான்.

"போன வருசம் எத்தினை நாள் போர்-லோவில போட்டனீ? உண்மையைச் சொல்லு," என்று கேட்டேன்.

கையை மடித்து எண்ணினான். "மூண்டு நாள், மாமா." சொல்லிவிட்டு வெட்கப்பட்டான்.

மூன்று நாளுக்கு நாலாயிரம் டொலர். அக்கா சொல்வது சரி போலத்தான் இருந்தது. ஆனால் நவம்பர் தொடக்கத்தில், பனி விழ முதல், "ஒருக்கா வந்து பாருங்கோ" என்று என்னை பான்குரொவ்ட் பக்கத்துக் காட்டுப் பாதை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நான் கனடாவின் நெடுஞ்சாலைகளை எல்லாம் பார்த்தவன். அதற்குப் பக்கத்தில் இருபது கிலோமீற்றர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. கருங்கல் பாறையும், பீவர் அணை கட்டித் தண்ணீர் நிற்கிற இடங்களும், மழை அரித்த ஏற்றமும். ஓரிடத்தில் மேசை உயரத்தில் ஒரு பாறைப் படி. கீழே இறங்கி நின்று பார்த்தேன். வயிற்றுக்கும் பாறைக்கும் இடையில் இரண்டு விரல் அளவுதான் இருந்தது. 32 அங்குல ரயர் என்றால் அக்சிலும் வயிறும் ஒரு அங்குலத்துக்கு மேல் பதிந்திருக்கும். வண்டி அந்தப் பாறையில் குந்தியிருக்கும். அந்தப் பாதையை ஓட வேண்டும் என்றால் அந்த ரயர் வேண்டும். அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அதே இடத்தில் மற்றக் குறையும் தெரிந்தது. இறங்குகிற இடத்தில், போர்-லோ முதலாம் கியரில் போட்டும், பிறேக்கில் இருந்து கால் எடுக்க முடியவில்லை. வண்டி ஓடிப் போகிறது. இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒட்டோமற்றிக்கின் முதலாம் கியர் 3.59, லோ-ரேஞ் 2.72, அக்சில் 3.21, மூன்றையும் பெருக்கினால் 31. அதாவது எஞ்சின் 31 சுற்றுச் சுற்றினால் சில்லு ஒரு சுற்று. அதே ஜீப்பின் ரூபிகொன் மொடலில் லோ-ரேஞ் 4, மனுவல் கியரின் முதலாவது 4.46, அக்சில் 4.10, அது 73 வரும். அந்த வண்டி பாறையில் ஆமை மாதிரி ஊரும். இவனுடைய வண்டிக்கு 4.56 போட்டால் 31 என்பது 44 ஆகும். ரூபிகொன் ஆகாது. ஆனால் காலைப் பிறேக்கில் இருந்து எடுக்கலாம்.

பரந்தனில் ஐயா மசி பெர்குசனில் சேற்று வயல் உழுதபோது நான் மட்காட்டில் இருந்து போயிருக்கிறேன். அந்த மெசினை விட எங்கட ஒஸ்ரின் காருக்கு வலு கூட என்று சின்ன வயதில் நான் வாதாடியதுண்டு. ஐயா சொல்லுவார், வலுவை விடு, சில்லு எவ்வளவு மெல்லச் சுத்துது எண்டு பார் என்று. பான்குரொவ்ட் பாறையில் நிற்கும்போது எனக்கு அந்த வயல்தான் ஞாபகம் வந்தது.

வரும் வழியில் அவன் சொன்னான்: "மாமா, மூண்டு நாள்தான். ஆனால் அப்பா ஒருநாளும் எங்களை இப்பிடி ஒரு இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போகேல்லை." அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அத்தான் பகலில் தொழிற்சாலையும் இரவில் அலுவலகம் துப்பரவாக்குவதுமாக இரண்டு வேலை செய்தவர். வாடகை, ஊருக்கு அனுப்புகிற காசு, சீட்டுக் காசு. ஐம்பத்தெட்டு வயதில் போய்விட்டார். இந்தப் பெடியனுக்கு அந்த மூன்று நாள் மகளோடு காட்டுக்குள் நிற்கிற மூன்று நாள். அதை ஊரில் ஒரு கூரையோடு வைத்து நிறுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கட பிள்ளைகள் செலவழிக்கிற ஒவ்வொரு டொலரையும் ஊர்க் கூரைக்கு மாற்றிக் கணக்குப் பார்க்கிற பழக்கத்தை நாங்கள் விட வேண்டும். அவன் ஊருக்கும் அனுப்புகிறான். அது வேறு கணக்கு. இந்தக் கணக்கை இதற்குள்ளேயே பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால், என் அபிப்பிராயம் இதுதான். கேள்வி உண்மையில் கியரைப் பற்றியதே அல்ல, ரயரைப் பற்றியது. ரயரை முதலில் முடிவு செய்யுங்கள். 35 வேண்டாம் என்றால் இறக்குங்கள், கியரை மறந்துவிடுங்கள். 35 வேண்டும் என்றால், 3.21 வண்டியில் கியரை மாற்றியே ஆக வேண்டும். அந்த நாலாயிரத்தையும் ரயரின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். 35 அங்குல ரயரும் 3.21 கியருமாக, "பிறகு பாப்பம்" என்று ஓடிக்கொண்டிருப்பதுதான் மூன்றிலும் ஆக மோசம். ஆனால் நான் பார்த்தவர்களில் கனபேர் அங்கேதான் நிற்கிறார்கள். ரயர் வெளியே தெரியும், படம் எடுத்துப் போடலாம். கியர் எண்ணெய்க்குள் கிடக்கிறது, அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

இனி எந்த எண். பெடியள் 4.88 என்கிறார்கள். பாறையிலேயே வாழ்கிறவர்களுக்கும் 37 அங்குலத்துக்குப் போகிறவர்களுக்கும் அது சரி. இவனுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். 4.56 போட்டால், பழைய 29.3 அங்குல ரயரில் 3.88 கியர் போட்ட மாதிரி இருக்கும். தொழிற்சாலை கொடுத்த 3.73ஐ விடக் கொஞ்சம் கூட. ரயரின் பாரத்துக்கும் உயர்த்திய வண்டி பிடிக்கிற காற்றுக்கும் அந்தக் "கொஞ்சம் கூட" தேவைதான். 110 கி.மீ.யில் எஞ்சின் 2,530 சுற்று அளவில் நிற்கும். 4.88 என்றால் அது 2,700 ஆகும். ஓட முடியாத சுற்று இல்லை, ஆனால் வடக்கே நாலு மணித்தியாலம் ஓடிப் போகிறவனுக்குக் காதில் கேட்கும். இன்னொரு காரணமும் உண்டு. 3.21இல் பினியனுக்கு 14 பல்லு, கிறவுன் வீலுக்கு 45. 4.56இல் 9 பல்லுக்கு 41. 4.88இல் 8 பல்லுக்கு 39. எண் கூடக் கூடப் பினியன் சிறுக்கிறது, ஒரே நேரத்தில் கடிக்கிற பல்லும் குறைகிறது. இவனுடைய முன் அக்சில் டேனா 30. பின்னுக்கு இருக்கிற டேனா 44ஐ விடச் சின்னது. சின்ன அக்சிலில் சின்னப் பினியன் போட்டு, 35 அங்குல ரயரை ஐஸில் பிடித்துத் திருக வேண்டிய தேவை என்ன?

இந்த வண்டியில் 3.73 இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 3.73உம் 33 அங்குல ரயருமாக ஓடுகிறவர்கள் காசைப் பைக்குள் வைத்திருக்கலாம். அவர்களுக்கு 3.31 போட்ட மாதிரி இருக்கும். கொஞ்சம் சோம்பல், அவ்வளவுதான். உங்கள் வண்டியில் என்ன எண் என்று தெரியாவிட்டால் டிபரன்சல் மூடியில் ஒரு சின்னத் தகடு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வாகன அடையாள இலக்கத்தைக் கொடுத்து விற்பனை நிலையத்தில் கேளுங்கள். முதல் சொந்தக்காரர் "மாத்தினது" என்று சொன்னால் பற்றுச்சீட்டைக் கேளுங்கள்.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு போவதும் வீணாவதும் அங்கேதான். முன்னும் பின்னும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். "இப்ப பின்னுக்கு மட்டும் மாத்துவம், அடுத்த வருசம் முன்னுக்கு" என்ற கதை நாலு சில்லு ஓட்ட வண்டியில் சரிவராது. போர்-வீலில் போட்டவுடன் இரண்டு அக்சிலும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும், ஏதோ ஒன்று உடையும். ஆகவே எல்லாச் செலவும் இரட்டைச் செலவு. கியர் பல்லின் விலை பாதிதான். மற்றப் பாதி கைக்கூலி. அந்தக் கூலியில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

ஏனென்றால் இது கழற்றிப் பூட்டுகிற வேலை இல்லை. பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கடதாசி மாதிரித் தகடுகள் வைத்துச் சரிக்கட்ட வேண்டும். இரண்டு பல்லுக்கும் இடையில் விடுகிற இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் கால்வாசிக்கும் குறைவு. பல்லில் மஞ்சள் மை பூசி, சுற்றிப் பார்த்து, மை எங்கே அழிந்திருக்கிறது என்று பார்த்து, பிழை என்றால் திரும்பக் கழற்றித் தகட்டை மாற்றி, திரும்பப் பூட்டி... பொறுமை இல்லாதவன் செய்தால் 80 கி.மீ.யில் ஊளையிடத் தொடங்கும். என்னோடு பாரவண்டி ஓடிய ஒருவர் தன் பிக்கப்புக்கு மலிவாகச் செய்வித்தார். யார் செய்தது என்று சொல்ல விரும்பவில்லை, எங்கட ஆள்தான். மூன்றாம் மாதம் பினியன் பெயரிங் போய், நெடுஞ்சாலைக் கரையில் நின்று எனக்குப் போன் எடுத்தார். இரண்டாம் தரம் கொடுத்த காசு முதலாவதை விடக் கூட. தெரிந்தவர், ஊர்க்காரர், காசாகக் கொடுத்தால் வரி இல்லை என்பதெல்லாம் ஒயில் மாற்றுவதற்குச் சரி. இந்த வேலைக்கு, இதையே தினமும் செய்கிற கடையைத் தேடிப் போங்கள். மை பூசிய பல்லின் படத்தைக் கேளுங்கள், எழுத்தில் உத்தரவாதம் கேளுங்கள். கேட்டவுடன் முகம் சுளிக்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

சில அக்சில்களில் பழைய கரியருக்குப் புதிய கிறவுன் வீல் பொருந்தாது. கரியரையும் வாங்க வேண்டி வரும். விலை கேட்கும்போதே அதையும் கேட்டு வையுங்கள், பிறகு "அது வேற" என்று சொல்ல விடாதீர்கள். லொக்கர் போடுகிற எண்ணம் இருந்தால் இந்தத் தரமே போடுங்கள். எப்படியும் அக்சில் திறந்துதான் கிடக்கும், இரண்டு கூலி கொடுக்கத் தேவையில்லை. பழைய ரூபிகொன் ஒன்றின் 4.10 அக்சில்களை முழுதாக வாங்கிப் பூட்டுகிறவர்களும் உண்டு. முன்னுக்கும் டேனா 44 கிடைக்கும் என்பதால் அது கெட்ட யோசனை இல்லை. ஆனால் அது எங்கே அடிபட்டு வந்தது என்பது அக்சிலுக்கு மட்டும்தான் தெரியும்.

பூட்டி முடிந்ததும் கணினிக்குப் புதிய கியர் எண்ணையும் ரயர் அளவையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதல் நாள் இருபது, முப்பது கிலோமீற்றர் மெல்ல ஓடி, ஆற விட்டு, திரும்ப ஓட வேண்டும். முதல் 800 கிலோமீற்றருக்குப் பாரம் இழுக்கக் கூடாது. அது முடிந்ததும் ஒயிலை மாற்ற வேண்டும். புதுப் பல்லு தேய்ந்து ஒன்றுக்கொன்று பழகுகிற காலம் அது. கடையில் இருந்து எடுத்த கையோடு நேரே 400இல் ஏறி வடக்கே ஓடிப் பல்லை எரித்தவர்களும் இருக்கிறார்கள்.

பெற்றோலில் இந்தக் காசு திரும்பி வரும் என்று யாரும் மனைவிக்குச் சொல்லாதீர்கள். வராது. ஐந்தாம் கியர் திரும்பி வரும், ஏற்றத்தில் நம்பிக்கை திரும்பி வரும், கியர்பொக்ஸ் இன்னும் சில வருடம் உயிரோடு இருக்கும்.

கியரால் சரிக்கட்ட முடியாத ஒன்று பிறேக். பெரிய, பாரமான சில்லை நிறுத்துவது அந்தப் பழைய பிறேக்தான். கியரை மாற்றினால் வண்டி முன்னையை விட உசாராக எழும்பும், ஆனால் முன்னையைப் போலவே நிற்கும். நாலாயிரம் கியருக்குக் கொடுக்கிறவன் முதலில் சில நூறை நல்ல பிறேக் பாட்டுக்கும் தட்டுக்கும் கொடுக்கட்டும். காப்புறுதிக்காரருக்கும் வண்டி உயர்த்தியது, ரயர் மாற்றியது எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். பிரீமியம் கூடும் என்று மறைத்து வைத்து, அடிபட்ட பிறகு அவர்கள் கண்டுபிடித்தால் நிலைமை வேறு.

இதெல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னேன். 32க்கு இறங்கு என்று கடைசியாக ஒருதரம் கேட்டும் பார்த்தேன். இரண்டு கிழமை எடுத்தான். மருமகளோடு கதைத்தான், அவள் ஒரேயொரு நிபந்தனை போட்டாளாம், வேலை முடியும் வரை அந்த வண்டியில் பிள்ளையை ஏற்றி நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது என்று. இந்தக் குடும்பத்தில் ஆகத் தெளிவாக யோசிக்கிறவள் அவள்தான்.

பிறேக் போன கிழமை மாற்றியாயிற்று. கியருக்கு ஏப்ரலில் நாள் எடுத்திருக்கிறான், 4.56. அதுவரை வேலைக்கு அத்தானுடைய பழைய கம்ரியில்தான் போய்வருகிறான். ஜீப் அக்கா வீட்டு வாசலில் பனிக்குள் நிற்கிறது. காலையில் அதைச் சுற்றிப் பனி வழிக்க வேண்டி இருக்கிறதாம். அக்கா இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.